முதலாளியின் நாற்காலியில் ரசிகன்

பிப்ரவரி நடுவில் அமெரிக்க பேஸ்பால் அணிகள் ஃபுளோரிடாவிலும் அரிசோனாவிலும் பயிற்சி முகாம்களைத் திறந்ததும் ரசிகர்களாகிய நமக்கும் வேலை தொடங்கிவிடுகிறது. எந்த அணி எத்தனை ஆட்டங்களில் வெல்லும், மூன்றாம் பேஸில் யார் நிற்க வேண்டும், ஐந்தாவது பிட்சர் யார், 26 பேர் பட்டியலிலிருந்து யாரை நீக்கலாம் என்று மார்ச் முடியும்வரை எழுதித் தீர்க்கிறோம். இவற்றில் பெரும்பகுதி பலிப்பதில்லை. கணினியின் துணையோடு கணிப்பவர்களுக்கும் அதே கதிதான். பெக்கோட்டா என்னும் புள்ளியியல் முறை 2007இல் சிகாகோ வைட் சாக்ஸ் அணிக்கு 72 வெற்றிகள் என்றது. அணி சரியாக 72இல் வந்து நின்றது. அதே முறை 2015இல் கான்சாஸ் சிட்டி ராயல்ஸுக்கும் 72 என்றது. ராயல்ஸ் 95 ஆட்டங்களில் வென்று வேர்ல்ட் சீரிஸையும் கைப்பற்றியது. 162 ஆட்டங்களின் தலையெழுத்தை மார்ச்சில் எழுதுவது ஓர் இனிய அசட்டுத்தனம். அதில் நமக்கு எந்தப் புகாரும் இல்லை.

நம் புகார் கணிப்பவனின் மொழியைப் பற்றியது. அண்மைக்காலப் பட்டியல் விவாதங்களைப் படிப்பவர்களுக்கு இந்தச் சொற்கள் அந்நியமாக இரா: ‘ஆறாண்டுக் கட்டுப்பாடு உள்ள சொத்து’, ‘மலிவான ஆண்டுகளை வீணாக்கலாமா’, ‘ஏப்ரல் நடுவரை கீழேயே வைத்திருந்தால் ஓராண்டு லாபம்’. ஆட்டம் பார்க்க நுழைவுச்சீட்டு வாங்கும் ஒருவன், தன் அணியின் மிகச் சிறந்த இளைஞன் தொடக்க நாளன்று ஆடக்கூடாது என்று வாதாடுகிறான். அதுவும் கண்கள் மின்ன, பெரும் ராஜதந்திரம் பேசும் தோரணையில். இலக்கியப் பக்கத்தில் இதற்கென்ன இடம் என்று கேட்பவர்களுக்கு நம் பதில் எளியது. ஒருவன் எவருடைய சொற்களைக் கடன் வாங்குகிறானோ அவருடைய நலனையே தன் நலனாகக் கருதத் தொடங்குகிறான் என்பது இலக்கிய வாசகர்களுக்குத் தெரியாத செய்தியா?

கணக்கு இதுதான். மேஜர் லீக் பட்டியலில் 172 நாட்கள் இருந்தால் அது ஆட்டக்காரருக்கு ஒரு முழுச் சேவை ஆண்டு. அத்தகைய ஆறு ஆண்டுகள் நிறைந்த பின்னரே தாம் விரும்பும் அணியுடன் பேரம் பேசும் உரிமை அவருக்குக் கிடைக்கும். சீசனோ 172 நாட்களைவிடச் சில நாட்கள் நீண்டது. எனவே முதலாண்டின் தொடக்கத்தில் இரண்டு வாரம் மைனர் லீகில் தள்ளி வைத்தால் அந்த ஆண்டு முழு ஆண்டாகாது; உரிமை ஓராண்டு தள்ளிப்போகும். இரண்டு வாரத்தைக் கொடுத்து ஓராண்டை வாங்குகிற வியாபாரம்.

இந்த வியாபாரத்தின் புகழ்பெற்ற உதாரணம் கிரிஸ் பிரயன்ட். 2015 வசந்தகால ஆட்டங்களில் அவர் அடித்த ஹோம் ரன்கள் ஒன்பது. அந்த முகாம்களில் வேறெவரும் அத்தனை அடிக்கவில்லை. மார்ச் இறுதியில் சிகாகோ கப்ஸ் நிர்வாகம் அவரை மைனர் லீகுக்கு அனுப்பியது. ஃபீல்டிங் மேம்பட வேண்டும் என்பது சொல்லப்பட்ட காரணம். ஏப்ரல் 17 அன்று மேலே அழைத்தார்கள். அதற்குள் ஃபீல்டிங் மேம்பட்டுவிட்டது போலும்! ஆண்டு முடிவில் அவர் கணக்கில் இருந்த நாட்கள் 171. ஒரே ஒரு நாள் குறைவு. அவ்வாண்டின் சிறந்த புதுமுகம் அவரே; 2016இல் நேஷனல் லீகின் மிக மதிப்புவாய்ந்த ஆட்டக்காரரும் அவரே; 1908க்குப் பிறகு கப்ஸ் வென்ற முதல் வேர்ல்ட் சீரிஸும் அந்த ஆண்டில்தான். அவர் தொடுத்த முறையீட்டை 2020 ஜனவரியில் நடுவர் தள்ளுபடி செய்தார். விதி மீறப்படவில்லை என்பது தீர்ப்பு.

அன்று நிர்வாகத்துக்காக வாதாடிய ரசிகர்கள் சொன்னது ஒன்றுதான்: இந்தப் பன்னிரண்டு நாட்களை இழந்தால் 2021 முழுவதும் பிரயன்ட் நம்முடையவர். சரி, 2021இல் என்ன நடந்தது? ஜூலை 30 அன்று கப்ஸ் அவரை சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸுக்கு அனுப்பிவிட்டு இரண்டு இளைஞர்களைப் பெற்றுக்கொண்டது. ரிஸ்ஸோவும் பயேஸும் அதே இரண்டு நாட்களில் வெளியேற்றப்பட்டார்கள். அணி 71 வெற்றி, 91 தோல்வியோடு சீசனை முடித்தது. ரசிகன் பொறுமை காத்துச் சேமித்த அந்த ஆண்டு, அவன் காண்பதற்கான ஆண்டாக இருக்கவில்லை. நிர்வாகம் விற்பதற்கான ஆண்டாக இருந்தது. பயிரைக் காத்தவன் ஒருவன், அறுத்துக்கொண்டு போனவன் இன்னொருவன்.

இதற்கு இரண்டு மறுப்புகள் வரும். முதலாவது, கோடிகளில் புரள்பவர்களுக்காக நாம் ஏன் கண்ணீர் வடிக்க வேண்டும் என்பது. பிரயன்ட் பிற்பாடு கொலராடோ ராக்கீஸுடன் ஏழாண்டுகளுக்கு 18.2 கோடி டாலர் ஒப்பந்தம் செய்துகொண்டவர்தான். அவருக்காக எவரும் கண்ணீர் வடிக்க வேண்டாம். ஆனால் ‘கீழே அனுப்பு’ என்ற சொல்லை நாம் எத்தனை இலகுவாக எழுதுகிறோம் என்று யோசிக்கலாம். 2023இல் மேஜர் லீகின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 7,20,000 டாலர். அதற்கு ஒரு படி கீழே உள்ள டிரிபிள்-ஏ பிரிவில் குறைந்தபட்சம் 35,800 டாலர். அதுவும் மைனர் லீக் ஆட்டக்காரர்கள் 2022இல் சங்கம் சேர்ந்த பிறகு வந்த தொகை; அதற்கு முன் 17,500. நாற்பது பேர் பட்டியலில் இல்லாத இளைஞன் ஒருவனுக்கு நம் யோசனையின் விலை இந்த இடைவெளிதான். ஆறு ஆண்டுகளை எட்டாமலே முழங்கையோ முழங்காலோ போய் வீடு திரும்புகிறவர்களே அதிகம்.

இரண்டாவது மறுப்பு, விதி அனுமதிக்கிறதே, நிர்வாகம் வேறென்ன செய்யும் என்பது. விதி நிர்வாகத்துக்கு அனுமதிக்கிறது. ரசிகன் அதை ஆராதிக்க வேண்டும் என்று எந்த விதியும் கட்டளையிடவில்லை. விதிகள் மாறவும் செய்யும். 1969இல் கர்ட் ஃபிளட், பன்னிரண்டு ஆண்டுகள் ஆடிய செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் தம்மை ஃபிலடெல்ஃபியாவுக்கு அனுப்பியபோது, தாம் வாங்கி விற்கப்படும் உடைமை அல்லர் என்று கமிஷனருக்குக் கடிதம் எழுதினார். உச்ச நீதிமன்றத்தில் 1972இல் தோற்றார். அவருடைய ஆட்ட வாழ்வும் அத்தோடு போயிற்று. மூன்றே ஆண்டுகளில், 1975இல், வேறிரு பிட்சர்களின் வழக்கில் நடுவர் பீட்டர் சைட்ஸ் அந்தப் பழைய பூட்டை உடைத்தார். அவர் மறுத்த சொல்லைத்தான் நாம் இன்று ‘சொத்து’ என்று பாசத்தோடு எழுதிக்கொண்டிருக்கிறோம்.

நிர்வாகங்கள் தாமே உண்மையைச் சொல்லிவிடுவதும் உண்டு. 2021 பிப்ரவரியில் சியாட்டில் மாரினர்ஸின் தலைவர் கெவின் மாதர் ஒரு ரோட்டரி சங்கக் கூட்டத்தில் சேவைக்கால உத்தியைப் பற்றி மனம்விட்டுப் பேசினார். காணொளி வெளியே வந்ததும் பதவி விலகினார். மறு ஆண்டு மார்ச்சில் புதிய தொழில் ஒப்பந்தம் வந்தது. சிறந்த இளைஞர்களைத் தொடக்கத்திலேயே ஆடவிடும் அணிக்குக் கூடுதல் டிராஃப்ட் தேர்வு, சிறந்த புதுமுக வாக்கெடுப்பில் முதல் இரண்டு இடம் பெறுவோருக்கு முழுச் சேவை ஆண்டு என்பன அதன் பிரிவுகள். அதே மாரினர்ஸ், அந்த ஆண்டு, 21 வயது ஹூலியோ ரொட்ரிகேஸைத் தொடக்க நாளிலேயே களமிறக்கியது. அவர் சிறந்த புதுமுகமானார். 2001க்குப் பிறகு முதன்முறையாக அணி பிளேஆஃப் ஆட்டங்களுக்குள் நுழைந்தது. கூடுதல் தேர்வும் கிடைத்தது. ‘அவன் இன்னும் தயாராகவில்லை’ என்ற பழைய பல்லவி, விதி மாறிய மறுகணமே எப்படி மறந்துபோயிற்று என்பதை நம் ராஜதந்திரிகள் விளக்குவார்களாக.

ஏழை அணிகள் வேறெப்படிப் பிழைக்கும் என்போர் ஓக்லண்டை எடுத்துக்காட்டுவது வழக்கம். 2002இல் சிறு சம்பளப் பட்டியலோடு 103 ஆட்டங்களில் வென்ற ஓக்லண்ட் ஏஸின் கதை, 2003இல் மைக்கேல் லூயிஸின் ‘மணிபால்’ நூலாக வந்து சிக்கனத்தை ஒரு வீரகாவியமாக்கியது. புத்திசாலித்தனம்தான், மறுக்கவில்லை. ஆனால் கதையின் கடைசி அத்தியாயத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். முதலாளி அணியை லாஸ் வேகாஸுக்குக் கொண்டுபோகத் தீர்மானித்தார். 2023 ஜூன் 13 அன்று 27,759 பேர் மைதானத்தை நிரப்பி, ‘விற்றுவிடு’ என்று அவரை நோக்கி முழங்கினார்கள். பலனில்லை. 2024 செப்டம்பரோடு ஓக்லண்டின் 57 ஆண்டுகள் முடிந்தன. அணியின் கணக்குப்புத்தகத்தை இத்தனை காலம் ரசித்துப் படித்தவர்களில் ஒருவரிடமும் அதற்குச் சம்மதம் கேட்கப்படவில்லை.

எனவே வசந்தகாலக் கணிப்புகளை நாம் தாராளமாக எழுதுவோம். தவறாகவே எழுதுவோம். ஆனால் பட்டியல் போடும்போது ஒரே கேள்வி போதும்: இன்று ஆடத் தகுந்த 26 பேர் யார்? எவனுடைய ஆறாவது ஆண்டு எப்போது முடிகிறது என்ற கவலையை, லாபத்தில் பங்கு பெறுகிறவர்கள் படட்டும். அதற்காக அவர்கள் சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கிறார்கள். நாம் ஏன் இலவசமாக அந்த வேலையைச் செய்ய வேண்டும்?