கடைநிலை ஒப்பந்ததாரர் பதிவுக்குச் சொத்துச் சான்றுக்கு மாற்றாகத் தொழில் தேர்வு கோரும் மனு

அனுப்புநர்: கட்டட மேஸ்திரிகள், கொத்தனார்கள் சங்கத்தார், திருநாவலூர், கள்ளக்குறிச்சி மாவட்டம்.

பெறுநர்: மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், கள்ளக்குறிச்சி.

நகல்: செயற்பொறியாளர் அவர்கள், பொதுப்பணித் துறை.

பொருள்: ஒப்பந்ததாரர் பதிவின் கடைசி வகுப்பில் கைத்தொழில் தெரிந்தவர்களைச் சேர்ப்பதற்கு அரசுக்குப் பரிந்துரைக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அய்யா / அம்மையீர்,

2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து நம் மாவட்டம் செயல்படத் தொடங்கியபின் இங்கே அரசுக் கட்டடங்கள் பல எழுந்துள்ளன. மருத்துவக் கல்லூரி போன்ற பெரிய வேலைகளைப் பெரிய நிறுவனங்களே செய்யட்டும். அதில் எங்களுக்கு வழக்கில்லை. அங்கன்வாடி, ரேஷன் கடை, பள்ளிச் சுற்றுச்சுவர், சிறுபாலம் ஆகிய சிறு வேலைகளைப் பற்றியே இந்த மனு. இவற்றில் ஒப்பந்தம் ஒருவர் பெயரில் இருக்கும். வானம் தோண்டுவது முதல் பூச்சு முடிப்பது வரை லேபர் ரேட்டுக்கு எடுத்துச் செய்கிற மேஸ்திரி வேறொருவராக இருப்பார். மேல் வகுப்புக்குப் போக வேண்டுமானால் தம் பெயரில் முடித்த வேலையைக் காட்ட வேண்டும். எத்தனை கட்டடம் கட்டினாலும் மேஸ்திரியின் பெயரில் ஒன்றும் இருக்காது. அவர் சொந்தமாகப் பதிவு செய்யப் போனால் முதலில் குறுக்கே நிற்பது ‘சால்வன்சி’ என்று நாங்கள் சொல்லும் சொத்து மதிப்புச் சான்றிதழ்.

அந்தச் சான்றிதழ் எதைக் காக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு பில் எப்படிப் பாஸாகிறது என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. பொறியாளர் டேப் பிடித்து அளந்து, நீளமும் அகலமும் ஆழமும் எம்-புக் எனும் அளவுப் புத்தகத்தில் ஏறி, மேலதிகாரி சரிபார்த்த பிறகே பணம் வருகிறது. அதிலும் ஒரு பங்கு பிடித்து வைக்கப்படுகிறது, இ.எம்.டி. என்னும் முன்வைப்புத் தொகையோ டெண்டர் போடும்போதே கட்டியாகிவிட்டது. சிமெண்டுக்கும் கம்பிக்கும் கூலிக்கும் முதலில் காசு போடுகிறவர் ஒப்பந்ததாரர்தான். கடன் கொடுக்காதவர் அடமானம் கேட்பது என்ன கணக்கு? சுவர் விரிசல் விட்டால் ஒப்பந்ததாரரின் பட்டா நிலம் வந்து அதை அடைக்கப் போவதில்லை; முதலிலேயே ஒழுங்காகக் கட்டத் தெரிந்த கைதான் விரிசலைத் தடுக்கும்.

இந்த நிபந்தனையால் கதவு யாருக்கு மூடப்படுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். அண்ணன் தம்பி பெயரில் கூட்டுப் பட்டாவாகக் கிடக்கும் நிலத்தைத் தனியொருவர் தம் சொத்தென்று காட்ட முடியாது. கல்வராயன் மலையில் நிலைமை இன்னும் இறுக்கம். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்கீழ் மலையாளிப் பழங்குடியினர் பெறும் உரிமை வாரிசுக்குப் போகும். விற்கவோ வேறொருவருக்கு மாற்றவோ சட்டமே அனுமதிக்காது. அவர்கள் நன்மைக்காகப் போட்ட அந்தத் தடையே, பிணையாகக் காட்ட உதவாத நிலம் என்று அவர்களுக்கு எதிராக நிற்கிறது. வங்கிச் சான்று வாங்கலாமே என்பார்கள். வங்கியும் அதே சொத்துப் பத்திரத்தைத்தான் கேட்கும்.

சொத்து நிபந்தனையைத் தளர்த்தினால் தரம் கெடும் என்பது முதல் ஆட்சேபம். கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 2024–25 முதல் ஒரு வீட்டுக்கு ரூ.3.5 லட்சம் அரசு தருகிறது. அந்த வீடுகளைக் கிராமங்களில் கட்டுவது இதே கொத்தனார்கள்தான். வீட்டுச் சுவருக்கு நம்பலாம், பள்ளிச் சுற்றுச்சுவருக்கு நம்பக் கூடாது என்பது பொருந்தவில்லை. கை சுத்தமா என்று அறிய வேண்டுமானால் சோதியுங்கள். தூணுக்குக் கம்பி கட்டச் சொல்லி, ரிங்கின் முனையை 135 பாகைக்கு உள்நோக்கி மடக்குகிறாரா, 90-லேயே விட்டுவிடுகிறாரா, கவர் பிளாக் வைக்காமல் கம்பியைப் பலகையோடு ஒட்ட விடுகிறாரா என்று பாருங்கள். அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். எந்தப் பத்திரத்திலும் தெரியாது.

இது புது யோசனையுமன்று. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் பொது ஒப்பந்ததாரர் உரிமம் கேட்பவர், முந்தைய 10 ஆண்டுகளுக்குள் குறைந்தது 4 ஆண்டு கைதேர்ந்த தொழிலாளியாகவோ மேற்பார்வையாளராகவோ வேலை செய்ததை நேரில் அறிந்தவர் சான்றளிக்க வேண்டும். பிறகு சட்டமும் கணக்கும் ஒரு தாள், தொழில் ஒரு தாள் எனத் தேர்வு. கையிருப்பு மூலதனம் காட்ட வேண்டும் என்று அங்கேயும் நிபந்தனை இருந்தது. 2016இல் அதை எடுத்துவிட்டுப் பிணைப் பத்திரத் தொகையைக் கூட்டினார்கள். ஜி.எஸ்.டி. கணக்கு தாக்கல் செய்ய மேஸ்திரிக்குத் தெரியுமா என்று கேட்பவர்களுக்கும் அந்த முதல் தாளே பதில்.

வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடினால் என்ன செய்வது என்ற கேள்வியில் நியாயம் உண்டு. அதை நாங்கள் தட்டிக் கழிக்கவில்லை. சொத்துள்ளவர்களும் பாதியில் விட்டதுண்டு என்று சொல்லித் தப்பிக்கவும் விரும்பவில்லை. சொத்துச் சான்று இல்லாதவரின் பில்லில் பிடித்து வைக்கும் பங்கைக் கூட்டிக்கொள்ளுங்கள். மூன்று நான்கு மேஸ்திரிகள் ஒருவருக்கொருவர் ஜாமீன் நிற்கவும் ஏற்பாடு செய்யுங்கள். வடகரையில் 1925இல் தொழிலாளர்களே சேர்ந்து தொடங்கிய ஊராளுங்கல் கூட்டுறவுச் சங்கம் இன்று கேரளத்தில் நெடுஞ்சாலையே போடுகிறது. கூட்டுப் பொறுப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அது கண்கூடு.

சுந்தரர் பிறந்த ஊர்க்காரர்கள் நாங்கள். அவரை ஆட்கொள்ள வந்த இறைவனே திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில் அடிமை ஓலை காட்ட வேண்டியிருந்தது. சபையாரும் சுந்தரருடைய பாட்டனாரின் பழைய கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அதை ஏற்றார்கள். ஆகவே ஆவணமே வேண்டாமென்று நாங்கள் கேட்க மாட்டோம். எந்த ஆவணம் என்பதே எங்கள் கேள்வி.

பதிவு விதியை மாற்றுவது அரசின் கையில். பரிந்துரைப்பது தங்கள் கையில். கடைசி வகுப்புக்கு மட்டும், சொத்துச் சான்றுக்கு மாற்றாகக் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியப் பதிவையும் செய்முறைத் தேர்வையும் ஏற்க அரசுக்கு எழுத வேண்டுகிறோம். தேர்வை அரசு ஐ.டி.ஐ. அல்லது பாலிடெக்னிக் வளாகத்தில் துறைப் பொறியாளர்களே நடத்தட்டும். முதலில் திருநாவலூர், கல்வராயன் மலை ஆகிய இரு ஒன்றியங்களில் ஓராண்டு நடத்திப் பார்த்து, ஆய்வில் தெரிந்த குறைகளைப் பழைய முறையில் நடந்த வேலைகளோடு ஒப்பிட்டபின் மற்ற ஒன்றியங்களைப் பற்றி முடிவெடுக்கலாம். முதல் தேர்வுக்கு எங்கள் சங்கத்தார் பெயர் கொடுக்கத் தயார்.

இப்படிக்கு,
சங்கத்தார்,
திருநாவலூர்.