எழுதாக் கடனும் ஒப்படைக்காத ஏடும்

“எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா?” என்பது நம் முன்னோர் வழக்கு. எழுதி வைத்தும் ஏட்டை எடுத்துத் தராதவரிடம் அழுதாலும் தீராது என்பதை இன்றைய அரசு அலுவலகங்கள் நமக்குக் கற்பித்து வருகின்றன.

புதுதில்லியில் தேசிய ஆவணக் காப்பகம் என்றொரு நிறுவனம் உண்டு. 1891-ஆம் ஆண்டு ஆங்கில ஆட்சியின் ஆவணத் துறையாகக் கல்கத்தாவில் தோன்றி, தலைநகர் மாறியபின் தில்லிக்குப் பெயர்ந்தது. 1926-இல் கட்டி முடிக்கப்பட்ட மாளிகை அதன் இருப்பிடமாயிற்று. அமைச்சகங்கள், தம் அன்றாட அலுவலுக்குத் தேவை தீர்ந்த, ஆயினும் நிலைத்த மதிப்புடைய கோப்புகளை அங்கே ஒப்படைக்க வேண்டும். காப்பகம் அவற்றைப் பேணி, ஆராய்வோர்க்கு எடுத்து வழங்க வேண்டும். இதுவே ஏற்பாடு.

ஏற்பாடு உண்டு, ஏடு வருகிறதா? 2022 டிசம்பரில் அக்காப்பகத்தின் தலைமை இயக்குநரே அவையறிய உரைத்த செய்தி நம்மைத் திடுக்கிட வைக்கிறது. மத்திய அரசில் 151 அமைச்சகங்களும் துறைகளும் இருக்க, அவற்றுள் 36-ஐ உள்ளடக்கிய 64 அலுவலகங்களின் ஏடுகளே அன்று காப்பகத்தில் இருந்தன. 1962, 1965, 1971 ஆகிய ஆண்டுகளின் போர் ஆவணங்கள் அங்கில்லை. பசுமைப் புரட்சியின் ஆவணங்களும் இல்லை!

போர்ச் செய்திகள் இரகசியம் என்பர். இருக்கட்டும். அறுபதாண்டு கடந்த பின்னும் பகைவனுக்கு அஞ்சியா மறைக்கிறோம், நம் பிழை நமக்கே தெரிந்துவிடும் என்று அஞ்சியா? அதுவும் போகட்டும், கோதுமையும் நெல்லும் விளைந்த கதையில் என்ன இரகசியம்? இது பாதுகாப்பன்று, பாராமுகம்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 1993-ஆம் ஆண்டின் பொது ஆவணச் சட்டம், இருபத்தைந்து ஆண்டு கடந்த ஏடுகளைக் காப்பகத்தாருடன் கலந்து மதிப்பிட வேண்டும் என்கிறது. விதியை மீறி ஏட்டை அழிப்பவருக்கும், அனுமதியின்றி நாட்டுக்கு வெளியே கொண்டு செல்பவருக்கும் ஐந்தாண்டு வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. ஆனால் ஒப்படைக்காமல் அலமாரியில் அடைத்து வைப்பவருக்கு? அந்தத் தண்டனைப் பிரிவு அவரைத் தீண்டவே இல்லை. தீயிட்டவன் குற்றவாளி, கறையானுக்கு விருந்து வைத்தவன் ஓய்வூதியம் பெற்றுப் போகலாம்!

“பழங்காகிதம் யாருக்குப் பயன்?” என்று கேட்கும் படித்தவர்களுக்கு ஒரு செய்தி. 1857 செப்டம்பரில் தில்லியைக் கைப்பற்றிய ஆங்கிலேயர், அங்கு கிடைத்த பாரசீக, உருதுத் தாள்களைத் திரட்டினர். தம் தமரைப் போற்றவா? இல்லை. முதிய வேந்தர் பகதூர் ஷா ஸஃபரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தச் சான்று தேடியே திரட்டினர். 1858 ஜனவரியில் விசாரணை தொடங்கியது. மன்னர் ரங்கூனுக்கு நாடு கடத்தப்பட்டார். தாள்களோ நிலைத்தன. 1921-இல் அவற்றுக்கு அச்சிட்ட பட்டியலும் வந்தது. கடையைச் சிப்பாய்கள் சூறையாடினர் என்று முறையிட்ட வணிகர், கொத்தவாலுக்குப் போன கட்டளைகள், முற்றுகைக்குள் சிக்கிய எளிய மக்களின் மனுக்கள் யாவும் இன்று அக்காப்பகத்தில் பேசுகின்றன. தோற்றவரைத் தண்டிக்கச் சேர்த்த தாள், தோற்றவருக்கே நாவாயிற்று. பகைவன் காத்த அளவுகூட நம் மக்களின் ஏட்டை நம் ஆட்சி காக்கவில்லை என்று நாளைய தலைமுறை சொன்னால், நம் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?

தில்லிக் கதை நமக்கெதற்கு என்று எண்ணற்க. சென்னை எழும்பூரிலும் ஓர் ஆவணக் காப்பகம் உண்டு. 1909-இல் தொடங்கிய சென்னை ஆவண அலுவலகமே இன்று தமிழ்நாடு ஆவணக் காப்பகமாய் விளங்குகிறது. 1858-இல் சென்னை மாகாணத்தில் அமைந்த இனாம் ஆணையம், ஊர் ஊராக இனாம் நிலங்களை ஆராய்ந்து, இன்ன நிலம், இன்ன காரியத்துக்கு, இன்னார் பொறுப்பில் என்று பதிந்தது. பள்ளிவாசல் நிலமோ, தர்கா நிலமோ, கோயில் நிலமோ, வழக்கு மூண்டால் நீதிமன்றம் பெருமதிப்பு அளிக்கும் சான்றுகளுள் ஒன்று அந்தப் பதிவேடு. அன்றைய எழுத்தர் ஒருவரின் ஒரு வரி, இன்று ஓர் ஊரின் வக்ஃபு நிலத்தைக் காக்கிறது. அவ்வரி கறையானுக்கு இரையாகியிருந்தால் முத்தவல்லி யாரிடம் போய் அழுவார்?

எல்லாவற்றையும் கணிப்பொறியில் படமெடுத்தால் போதும் என்போரும் உளர். நன்று, எடுக்கட்டும். ஆனால் வந்து சேராத ஏட்டை எப்படிப் படமெடுப்பது? படமெடுத்ததைப் படிப்பவர் யார்? தில்லித் தாள்களுள் பல, புள்ளியும் பிரிவும் புலப்படாத ஷிகஸ்தா எழுத்தில் உள்ளவை. அதைப் படிக்க வல்லார் அருகி வருகின்றனர். அரபியும் பாரசீகமும் பயின்ற நம் பிள்ளைகளுக்கு இங்கே ஒரு பணி காத்திருக்கிறது. அதற்கு ஊதியமும் பயிற்சியும் தருவது அரசின் கடன்.

ஆகவே நாம் கேட்பன மூன்று. காலத்தில் ஏட்டை ஒப்படைக்காத அதிகாரிக்கும் சட்டத்தில் தண்டனை வேண்டும். எதை ஒப்படைத்தோம், எதை ஏன் நிறுத்தி வைத்தோம் என்று ஒவ்வொரு அமைச்சகமும் ஆண்டுதோறும் பட்டியல் வெளியிட வேண்டும். பழைய எழுத்தைப் படிப்போரை உருவாக்க வேண்டும்.

வீட்டுப் பத்திரத்தைப் பெட்டகத்தில் பூட்டி, சாவியை இடுப்பில் முடிந்துகொள்ளும் நாம், நாட்டின் பத்திரம் எங்கே என்று ஒருமுறையேனும் கேட்டதுண்டா? நம் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர் அடுத்த முறை வாசலுக்கு வரும்போது, அதை முதலில் கேளுங்கள்.