ஒரே செல்… குழந்தைக்கு ஒரு நீதி, நாய்க்கு ஒரு நீதி!

குளிப்பாட்டிய குழந்தையை டவலால் துவட்டுகிறார் அம்மா. சில வாரங்களாகத் தோளில் இருக்கும் பழுப்புத் திட்டு, டவல் உரசியதும் சிவந்து, கொசு கடித்ததுபோல் தடிக்கிறது. அதே வீட்டில் இருக்கும் எட்டு வயது லாப்ரடாருக்கு விலாவில் சின்னக் கட்டி. போன வாரம் பெரிதாக இருந்தது, இப்போது கொஞ்சம் வற்றியிருக்கிறது. “அது தானா கரைஞ்சிடும், விடு” என்கிறார் தாத்தா.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடுகிறார்கள். நாயை யாரும் கண்டுகொள்வதில்லை.

இரண்டுக்கும் காரணம் ஒரே வகை செல்லாக இருக்கலாம். அப்படியானால் அதிக ஆபத்து நாய்க்குத்தான்!

அது என்ன செல்?

தோல், குடல், மூச்சுப்பாதை ஆகியவற்றில் காவல் காக்கும் எதிர்ப்பு செல்கள்தான் மாஸ்ட் செல்கள். இவற்றுக்கு 1878-ல் பெயர் வைத்தவர் ஜெர்மன் விஞ்ஞானி பால் எர்லிக். உள்ளே துகள்கள் நிரம்பியிருந்ததால், நன்றாகத் தின்று கொழுத்த செல் என்ற பொருளில் அந்தப் பெயர். அந்தத் துகள்களில் ஹிஸ்டமின் போன்ற ரசாயனங்கள் இருக்கின்றன. அவை வெளியே கொட்டினால் அரிப்பு, சிவப்பு, வீக்கம். இந்த செல்கள் தோலில் ஓரிடத்தில் அளவுக்கு மீறிச் சேர்ந்தால் கட்டி.

குழந்தைக்கு…

பெரும்பாலும் இரண்டு வயதுக்குள் வருகிறது. தோல் மருத்துவர் அந்தத் திட்டை மெதுவாகத் தேய்த்துப் பார்ப்பார். சில நிமிடங்களில் அது சிவந்து தடித்தால், அதற்கு ‘டேரியர் அறிகுறி’ என்று பெயர். பல குழந்தைகளுக்கு இதை வைத்தே நோயை உறுதிசெய்துவிடலாம். சந்தேகம் இருந்தால் சிறு துண்டு எடுத்து பயாப்சி. திட்டுகள் நிறைய இருந்தால், அல்லது முகம் சிவத்தல், வயிற்றுப்போக்கு போன்றவை இருந்தால், ரத்தத்தில் ட்ரிப்டேஸ் அளவைப் பார்ப்பார்கள்.

பெரும்பாலான குழந்தைகளுக்குப் பருவ வயதுக்குள் இது தானாக மங்கிவிடும். கத்தி வைக்கவேண்டிய தேவை அரிது. ஆனால், பெற்றோர் வீட்டில் தேய்த்து சோதிக்கக் கூடாது. ஹிஸ்டமின் மொத்தமாகக் கொட்டினால் ரத்த அழுத்தம் குறையவும் வாய்ப்புண்டு.

நாய்க்கு…

நாய்களுக்கு வரும் தோல் புற்றுநோய்களில் முக்கியமானது இது. பாக்சர், பக், லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர் இனங்களில் அதிகம். மரு, பூச்சிக்கடி, கொழுப்புக்கட்டி என எந்த வேஷமும் போடும். அனுபவமுள்ள கால்நடை மருத்துவராலும் தொட்டுப் பார்த்து மட்டும் சொல்லிவிட முடியாது. தாத்தா நம்பிய அந்த ‘வற்றுதல்’தான் பெரிய ஏமாற்று. ஹிஸ்டமின் கொட்டும்போது கட்டி வீங்கும், அடங்கியதும் சுருங்கும்.

வழி எளிது. மெல்லிய ஊசியால் சில செல்களை எடுத்து, கண்ணாடித் தகட்டில் பூசி, சாயம் ஏற்றி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார்கள். ஊதா நிறத் துகள்கள் தெரிந்தால் மாஸ்ட் செல் கட்டி. இந்தப் பரிசோதனைக்குப் பெரும்பாலும் மயக்க மருந்துகூடத் தேவைப்படாது.

இதைச் செய்யாமல் அவசரப்பட்டு வெட்டுவதும் தவறு. என்ன கட்டி என்று முன்பே தெரிந்தால்தான், சுற்றியுள்ள நல்ல தோலையும் சேர்த்துப் போதுமான அளவு அகற்ற முடியும். அகற்றிய கட்டியை லேபுக்கு அனுப்பி வீரியத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். வீரியம் குறைந்ததென்றால் பல நாய்களுக்கு ஆபரேஷனே போதும். வீரியம் மிக்கது நிணநீர் முடிச்சு, மண்ணீரல், கல்லீரல் வரை பரவும்.

மறக்கக் கூடாதவை

* நாயிடமிருந்து குழந்தைக்கு இது ஒட்டாது. பயந்து நாயை விரட்ட வேண்டாம்.
* கட்டியைப் பிதுக்காதீர்கள், எண்ணெய் போட்டுத் தேய்க்காதீர்கள்.
* நாய்க்குக் கட்டியுடன் வாந்தியோ, கறுப்பு நிற மலமோ இருந்தால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். ஹிஸ்டமினால் வயிற்றில் புண் வந்திருக்கலாம்.
* குழந்தைக்கு ஆபரேஷனோ வலி மருந்தோ தேவைப்பட்டால், இந்தத் திட்டைப் பற்றி மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.
* நாயைக் குளிப்பாட்டும்போது உடல் முழுக்கத் தடவிப் பாருங்கள். புதிய கட்டி தட்டுப்பட்டால், வற்றுமா என்று காத்திருக்காதீர்கள்.