மூச்சு விட்டாயா, கண்ணா?

ஹாஸ்டலில் இருக்கும் பிள்ளையோ பெண்ணோ டெலிபோனில் கூப்பிட்டால், நாம் கேட்கும் கேள்விகள் அவர்களுக்கு மனப்பாடம். "சாப்பிட்டாயா? எண்ணெய் தேய்த்துக் குளித்தாயா? பரீட்சை என்றைக்கு?" ஆனால், "மூச்சு ஒழுங்காக விட்டாயா?" என்று எந்தத் தாயாராவது கேட்டதுண்டா?

சிரிக்காதீர்கள், சகோதரிகளே! பரீட்சை நெருங்கும்போது பாடம் மறக்கிறதோ இல்லையோ, மூச்சு மறந்து போகிறது. கவலை வந்ததும் மூச்சு வயிறு வரை இறங்காமல் மார்போடு திரும்பி விடுகிறது. நெஞ்சு படபடக்கிறது. படித்ததெல்லாம் பறந்து விட்டதுபோல் ஒரு திகில் உண்டாகிறது.

நெஞ்சின் படபடப்பை, "நில்!" என்று அதட்டி நிறுத்த முடியாது. ஆனால் மூச்சு நம் சொற்படி கேட்கும். அதை உள்ளே இழுக்கும்போது இதயம் சற்று விரைகிறது. வெளியே விடும்போது நிதானப்படுகிறது. ஆகையால் வெளிமூச்சை நீட்டினால் படபடப்பும் அடங்குகிறது. பதஞ்சலி முனிவர் யோகத்தின் எட்டு அங்கங்களில் பிராணாயாமத்தை நான்காவதாகவும், தியானத்தை ஏழாவதாகவும் வைத்தார். முதலில் மூச்சு, அப்புறம் மனம். இதை ஆராய்ச்சிக்கூடத்தில் சோதித்துப் பார்ப்பதற்காகவே சுவாமி குவலயானந்தர் 1924-ல் லோனாவ்லாவில் கைவல்யதாமத்தை நிறுவினார்.

மேல்நாட்டிலும் சோதித்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் 616 மாணவர்களை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு மாத்திரம் எட்டு வாரம் தியான வகுப்பு நடந்தது. பிறகு பரீட்சைக் காலத்தில் விசாரித்தபோது, மனவேதனை அளவு மீறியிருந்தவர்கள் தியானம் பழகியவர்களில் நூற்றுக்கு 37, பழகாதவர்களில் 57. இந்த முடிவு 2018-ல் பிரசுரமாயிற்று. பலன் இருக்கிறது, சந்தேகமில்லை. ஆனால் தியானம் பழகியும் நூற்றுக்கு 37 பேர் கஷ்டப்பட்டார்களே, அதையும் நினைவில் வையுங்கள்.

இன்னொரு விஷயம்: அவர்கள் பரீட்சைக்கு வெகு முன்பே பழகத் தொடங்கினார்கள். வெள்ளம் தலைக்கு மேல் வந்த பிறகா நீச்சல் கற்றுக்கொள்வது?

செய்யும் முறை சுலபம். வெறும் வயிற்றில் முதுகு நிமிர்ந்து உட்கார வேண்டும். மூக்கினால் நான்கு எண்ணும் வரை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக விட வேண்டும். மூச்சை அடக்க வேண்டாம். ஐந்து நிமிஷம் போதும். பிறகு எண்ணுவதை விட்டு, மூச்சு தானாக வந்து போவதைச் சும்மா கவனிக்க வேண்டும். மனம் கான்டீனுக்கும் சினிமாவுக்கும் ஓடினால் பாதகமில்லை. திரும்ப அழைத்து வருவதுதான் பயிற்சி. கண்ணை மூடினால் பயமாக இருக்கிறது என்பவர்கள் திறந்து கொண்டே செய்யலாம். தலை சுற்றினால் உடனே நிறுத்த வேண்டும். கபாலபாதி, கும்பகம் போன்றவற்றை ஆசிரியர் இல்லாமல் தொடக் கூடாது. ஆஸ்துமா, இருதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. கணக்கு, பௌதிகம், ரசாயனம் என்ற வரிசையில் பிராணாயாமத்தையும் ஒரு பாடமாக்கி விடாதீர்கள். "இன்றைக்குத் தியானம் செய்தாயா, இல்லையா?" என்று தினம் மிரட்டினால், அதற்கும் சேர்த்துக் குழந்தை கவலைப்பட ஆரம்பிக்கும்!

பிள்ளை இரண்டு வாரமாகச் சோறும் தூக்கமும் இல்லாமல் வாடினாலோ, "இருந்து என்ன பிரயோஜனம்?" என்று ஒரே ஒரு தடவை சொன்னாலோ, மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்துக் கொண்டிருக்காதீர்கள். அருகில் உட்கார்ந்து பேசச் சொல்லிக் கேளுங்கள். தாமதிக்காமல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். மத்திய சர்க்கார் 2022-ல் ஏற்படுத்திய டெலிமானஸ் உதவிக்கு 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாக, தமிழிலேயே பேசலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஜுரத்துக்கு டாக்டரிடம் போகவில்லையா?

அடுத்த லீவுக்குக் குழந்தை வீட்டுக்கு வரும்போது நீங்களும் கூடவே ஐந்து நிமிஷம் உட்கார்ந்து பாருங்கள். அடுப்பில் பால் இருந்தால், தயவு செய்து இறக்கி வைத்து விட்டு உட்காருங்கள்!