வளைவுச் சாலை விபத்து: பொறுப்பு ஓட்டுநருக்கு மட்டும்தானா?

புதுடெல்லி: சாலை விபத்து நேர்ந்தால் ஓட்டுநரைக் குற்றம் சாட்டுவதோடு அரசின் கடமை முடிந்துவிடுகிறதா? ஐதராபாத்தில் 2019-ல் நடந்த விபத்து எழுப்பிய கேள்வி இது.

அமீர்பேட்டிலிருந்து மேற்கே, ஹைடெக் சிட்டியைத் தாண்டி, பல்லுயிர்ப் பூங்கா சந்திப்பில் மாநகராட்சி கட்டிய மேம்பாலம் அந்த ஆண்டு நவம்பர் 4-ல் திறக்கப்பட்டது. நவம்பர் 23-ல் வளைவில் திரும்ப முடியாத கார் ஒன்று தடுப்புச் சுவரைத் தாண்டிக் கீழே விழுந்தது. சாலையோரம் நின்றிருந்த பெண் பலியானார். 40 கி.மீ. வேகத்துக்கு வடிவமைக்கப்பட்ட பாலத்தில் கார் சுமார் 100 கி.மீ. வேகத்தில் வந்ததாகப் போலீசார் தெரிவித்தனர்.

வளைவில் வாகனம் வெளிப்புறமாகத் தள்ளப்படுவதைச் சமாளிக்கவே சாலையின் வெளிவிளிம்பு உயர்த்தப்படுகிறது. இந்திய சாலை காங்கிரசின் விதிப்படி, சமவெளியில் இந்தச் சரிவு அதிகபட்சம் 7 சதவீதம். அதாவது, 7 மீட்டர் அகலச் சாலையில் 49 செ.மீ. உயரம். சந்திப்புகள் நெருங்கிய நகரப் பகுதியில் 4 சதவீதம் மட்டுமே. இதற்கு மேல் உயர்த்தினால், மெதுவாகச் செல்லும் பாரம் ஏற்றிய லாரிகள் உட்புறமாகச் சாயும் அபாயம் உண்டு.

வேகம் இரண்டரை மடங்கானால் வெளித்தள்ளும் விசை ஆறேகால் மடங்காகிறது. 7 சதவீதச் சரிவில் 40 கி.மீ. வேகத்துக்குச் சுமார் 57 மீட்டர் ஆரம் போதும், 100 கி.மீ.க்கு 358 மீட்டர் தேவை. எனவே சரிவு மட்டுமே வேகத்தை வெல்லாது என்பது உண்மை.

ஆனால், நேரான அகலச் சாலையில் விரைந்து வரும் ஓட்டுநரை வளைவுக்கு முன்பே வேகம் குறைக்க வைப்பதும், தவறினால் கீழே விழாமல் தடுப்பதும் வடிவமைப்பின் பகுதியே. மூடப்பட்ட பாலம், வல்லுநர் குழு ஆய்வுக்குப் பின், வேகக் கட்டுப்பாட்டு ஏற்பாடுகளுடன் 2020 ஜனவரியில் மீண்டும் திறக்கப்பட்டது. உயிர்ப்பலிக்குப் பிறகு வந்த ஏற்பாடுகள் அவை.

நாட்டில் 2022-ல் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்ததாக மத்திய அரசு அறிக்கை கூறுகிறது. இவற்றில் 70 சதவீதத்துக்கும் மேற்பட்ட மரணங்களுக்கு அதிவேகமே காரணமாகக் காட்டப்பட்டுள்ளது. 'அதிவேகம்' என்று பதிவானதும், சாலையின் குறை பற்றிய விசாரணைக்கு அவசியம் இல்லாமல் போகிறது.

2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தின் 198ஏ பிரிவு, வடிவமைப்பு விதிகளை மீறியதால் மரணம் நேர்ந்தால் அதிகாரி, ஒப்பந்ததாரர், ஆலோசகர் ஆகியோருக்கு அபராதம் விதிக்க வகை செய்கிறது. அதன் உச்சவரம்பு ஒரு லட்சம் ரூபாய். கோடிக்கணக்கில் செலவிட்டுப் பாலம் கட்டுவோருக்கு இத்தொகை அச்சம் தருமா என்பது சந்தேகமே. திறப்பு விழாவுக்கு முன்பே சுதந்திரமான பாதுகாப்புத் தணிக்கையைக் கட்டாயமாக்கி, அதன் முடிவை மக்கள் முன் வைப்பதே உரிய தீர்வாக இருக்கும்.