விலாங்கைத் தொட்டியில் அடைக்க முன்...



தேர்தல் வந்தால் நமதூரில் அதிகம் அடிபடும் பெயர் விலாங்கு. பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டுகிறார் என்று எத்தனை பேரை ஏசியிருப்போம்! இந்தப் பதிவு அரசியல் பற்றியதல்ல. உண்மையான விலாங்கைப் பற்றியது.

மாரி வெள்ளம் வந்ததும் கிட்டங்கிப் பக்கமும் கரவாகு வட்டை வாய்க்கால்களிலும் நமது பிள்ளைகள் தூண்டிலோடும் அத்தாங்கோடும் இறங்கிவிடுகிறார்கள். அகப்படும் விலாங்கை வீட்டுக்குக் கொண்டுவந்து கண்ணாடித் தொட்டியில் வளர்க்க ஆசைப்படுகிறார்கள். கடந்த மாரியில் ஏழாம் தரத்து மாணவன் ஒருவன் ஒரு பெரிய போத்தலில் போட்டு வகுப்புக்கே கொண்டுவந்துவிட்டான். பாதிப் பேர் "பாம்பு சேர்" என்று கதிரையில் ஏறிவிட்டார்கள். இரண்டு நாள் கழித்து அவன் முகம் வாடி வந்து நின்றான். "மூடி போடல்ல சேர். சுபஹுக்கு எழும்பிப் பார்த்தா அலுமாரிக்குப் பின்னால காஞ்சு கிடக்கு."

அதே வாரம் நமது ஒழுங்கையில் ஈர முற்றத்தில் ஊர்ந்து போன ஒன்றைப் பாம்பென்று அடித்துக் கொன்றார்கள். புரட்டிப் பார்த்தால் தலைக்குப் பின்னால் இரண்டு சின்னத் துடுப்புகள்.

ஒன்று பயத்தால் செத்தது, மற்றது ஆசையால் செத்தது. அது என்ன உயிர் என்று நமக்குத் தெரியாததே இரண்டுக்கும் காரணம். ஆகவே முதலில் இனங்காண்போம்.

பாம்புக்குத் துடுப்பு கிடையாது. உடல் முழுக்கச் செதிள் தெளிவாகத் தெரியும். மூச்செடுக்கத் தலையை நீருக்கு மேலே நீட்டும். முகத்துவாரத்துப் பக்கமோ கரைவலையிலோ காண்பது துடுப்பு மட்டை போல் தட்டையான வாலோடு, செதிளோடு இருந்தால் அது கடற்பாம்பு. கொடிய விஷமுள்ளது.

விலாங்குக்குத் தலைக்குப் பின்னால் இரு பக்கமும் சிறு துடுப்பும் அதனருகே செவுள் துவாரமும் இருக்கும். முதுகுத் துடுப்பு வாலைச் சுற்றி அடிவயிறு வரை ஒரே நாடாவாக ஓடும். தொட்டால் வழுவழுப்பு. நம் நாட்டு ஆறுகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று புள்ளியில்லாதது, அதன் முதுகுத் துடுப்பு ஏறக்குறைய மலவாய்க்கு நேர் மேலேதான் தொடங்கும். மற்றது மஞ்சளும் கபிலமுமாகத் திட்டுத் திட்டாக இருக்கும். அதன் துடுப்பு இன்னும் முன்னாலேயே தொடங்கிவிடும். முதலாவது ஒரு மீற்றருக்கு மேலும் வளரும். இரண்டாவது அதைவிடப் பெரியது.

ஆரல் வேறு. மூக்கு கூராக நீண்டிருக்கும். முதுகில் வரிசையாகச் சிறு முட்கள் குத்தும்.

சின்னப் பிள்ளைகளுக்கு ஒரே விதி போதும்: தலைக்குப் பின்னால் துடுப்பு தெரியாவிட்டால் கை வைக்காதே.

இனி விடயத்துக்கு வருவோம். ஆரல் நன்னீரிலேயே பிறந்து நன்னீரிலேயே பெருகும். விலாங்கு அப்படியல்ல. அது ஆழ்கடலில் பிறக்கிறது. இலை போன்ற, ஒளி ஊடுருவும் குஞ்சாக நீரோட்டத்தில் மிதந்து வந்து, கண்ணாடி ஊசி போல உருமாறி முகத்துவாரம் வழியாக ஆற்றுக்குள் நுழைகிறது. வருடக்கணக்கில் நம் ஆற்றிலும் குளத்திலும் வயல் வாய்க்காலிலும் வளர்கிறது. பருவம் வந்ததும் மீண்டும் கடலுக்குப் போய், வாழ்நாளில் ஒரேயொரு முறை முட்டையிட்டு இறந்துவிடுகிறது. இயற்கையில் அது முட்டையிடுவதை இன்றுவரை ஒரு மனிதரும் கண்ணால் கண்டதில்லை. மழையும் வெள்ளமும்தான் அதன் பயண காலம். தோலாலும் சுவாசிக்கும் என்பதால் ஈரப் புல்லில் ஊர்ந்தும் போகும். நமது முற்றத்தில் அடிபட்டது யாரையும் தீண்ட வந்ததல்ல. தன் வழியில் போய்க்கொண்டிருந்தது.

சுவீடனில் பிரான்டேவிக் என்றொரு கிராமம். அங்கே 1859 இல் எட்டு வயதுப் பையன் ஒருவன் கிணற்றில் விலாங்கொன்றை விட்டான் என்றும், அது 2014 இல்தான் செத்தது என்றும் சொல்கிறார்கள். நுளம்புக் குடம்பியைத் தின்னட்டும் என்று நாம் கிணற்றில் மீன் விடுவது போல, பூச்சி புழுவைத் தின்ன அவர்கள் விலாங்கு விடுவார்களாம். 155 வருடம் என்பதைக் கேட்டுப் பலர் அதிசயிக்கிறார்கள். நமக்கோ அந்தப் பையன் மண்ணறைக்குப் போன பிறகும் கடலைக் காணாமல் இருட்டில் காத்துக் கிடந்த அந்த உயிரை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

தொட்டி விலாங்கின் நிலையும் இதுதான். நல்ல தீனி போட்டால் வாழும். ஆனால் ஒரு குஞ்சைக்கூட விட்டுச் செல்லாது.

ஏற்கனவே அதன் வழியில் தடைகள் நிறைய. கல்லோயாவின் குறுக்கே 1949 முதல் எழும்பிய இங்கினியாகலை அணைக்கு மேலே ஏறுவது அதற்குப் பெரும்பாடு. கீழே தோணாவில் குப்பை கொட்டுவது யார்? நாம்தான். மிச்சமாகக் கடலுக்குத் தப்பிப் போகக்கூடியதையும் கண்ணாடிக்குள் அடைக்க வேண்டுமா?

இதற்காகப் பிள்ளைகளின் ஆசையைக் கொல்லச் சொல்லவில்லை. சின்னக் குருவியொன்றை வளர்த்த சிறுவன் அபூ உமைரிடம் ரசூலுல்லாஹ் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் அதைப் பற்றி அன்போடு விசாரித்திருக்கிறார்கள். உயிரினம் வளர்ப்பது குற்றமல்ல. ஆனால் பூனையைக் கட்டிவைத்து, தீனியும் கொடுக்காமல், தானாக இரைதேடவும் விடாமல் சாகடித்த பெண்ணின் ஹதீஸும் நமக்குத் தெரியும். வளர்ப்பு என்பது ஒரு அமானத்.

எமது கருத்து இதுதான். விலாங்கை வைத்திருப்பதென்றால் ஒரு வாரம், அதற்கு மேல் வேண்டாம். இறுக்கமான மூடி, மூடியின் மேல் ஒரு கல். கூரான கற்கள் வேண்டாம், மென்மணல் போடுங்கள். ஒளிந்துகொள்ள ஒரு பி.வி.சி. குழாய்த் துண்டு. மஃரிபுக்குப் பிறகு மண்புழு அல்லது இறால் துண்டு. குழாய்த் தண்ணீரென்றால் ஒரு நாள் திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள். சின்ன மீன்களோடு போட்டால் அவை காலையில் இருக்காது. பார்த்து, வரைந்து, அளந்து முடிந்ததும் பிடித்த இடத்திலேயே விடுங்கள். வீட்டுக்கு வீடு தொட்டி வைப்பதைவிட வகுப்புக்கு ஒரு தொட்டி போதும்.

வருடக்கணக்கில் வளர்க்க ஆசையென்றால் ஆரலை வளர்க்கலாம். ஆனால் துடுப்போரம் கண் போன்ற கறுப்புப் பொட்டுகள் உள்ள சிறிய ஆரல் நம் நாட்டுக்கே உரியது. ஒரு காலத்தில் தாராளமாக இருந்தது, இன்று அழியும் நிலையில் இருக்கிறது. அகப்பட்டால் உடனே விட்டுவிடுங்கள். கடையில் வாங்கிய மீனை, குறிப்பாகத் தொட்டி துப்புரவாக்கும் மீனை, தோணாவிலோ ஆற்றிலோ ஒருபோதும் விடாதீர்கள்.

சாப்பிடலாமா என்று கேட்பவர்களுக்கு: விலாங்கு மீன்தான், பாம்பல்ல. ஷாபிஈ மத்ஹபில் செதிள் ஒரு நிபந்தனையுமல்ல. மேலதிக விளக்கத்தை உலமாக்களிடம் கேளுங்கள். சமைத்தால் பயமில்லை. ஆனால் அதன் பச்சை இரத்தத்தில் நஞ்சுண்டு. அறுக்கும்போது கண்ணிலோ காயத்திலோ பட விடாதீர்கள்.

வருகிற மாரியில் முற்றத்தில் ஏதாவது நெளிந்தால் பொல்லை எடுக்க முன் டோர்ச்சை எடுங்கள். தலைக்குப் பின்னால் துடுப்பு இருக்கிறதா என்று தள்ளி நின்று பாருங்கள். இருந்தால், அதற்குப் போக ஒரு கடல் இருக்கிறது. வழி விடுங்கள்.