சூரியன் அடங்கியிருக்கும் காலத்தில் வானொலி ஏன் முனகுகிறது?



அட்டன், நுவரெலியாப் பக்கத்து வாசகர்களில் நாற்பதைத் தாண்டியவர்களுக்கு இது நினைவிருக்கும். இராச் சாப்பாடு முடிந்ததும் வாப்பா ரேடியோப் பெட்டியை ஜன்னலோரம் கொண்டுபோய் வைப்பார். அதிலிருந்து ஒரு செப்புக் கம்பி வெளியே போய்க் கொய்யா மரத்தில் கட்டப்பட்டிருக்கும். லண்டன் தமிழோசை கேட்க வேண்டும். (அந்தச் சிற்றலை ஒலிபரப்பு 2017இல் நின்றுபோனது வேறு கதை.) ஒரு நாள் பக்கத்து அறையில் இருந்து பேசுவது போலக் கேட்கும், மறுநாள் வெறும் இரைச்சல்தான். "பற்றரி போய்விட்டது" என்பார் ஒருவர். "மழைக் குணம்" என்பார் இன்னொருவர். புதுப் பற்றரிக்குக் காசு போகும். சில வீடுகளில் பெட்டியே திருத்தக் கடைக்குப் போகும். திருத்துபவர் திறந்து பார்த்துவிட்டுப் பழுதொன்றுமில்லை என்பார். பல தடவை அவர் சொன்னது சரிதான். பழுது தலைக்கு மேலே சில நூறு கிலோமீற்றர் உயரத்தில் இருந்தது.

அங்கேதான் அயனமண்டலம் இருக்கிறது. சூரியனின் புற ஊதாக் கதிர்களும் எக்ஸ் கதிர்களும் மேற்காற்றின் அணுக்களை உடைத்து மின்னேற்றம் பெற வைக்கின்றன. இந்தப் படலம் சிற்றலையைக் கண்ணாடி போலத் திருப்பி அனுப்பும். மலை மறைத்தால் எப். எம். கேட்காது, சிற்றலையோ மேலிருந்து இறங்கி வருவதால் பள்ளத்து லயத்துக்கும் வந்து சேரும்.

சூரியனுக்குச் சுமார் 11 ஆண்டுக்கு ஒரு முறை அமைதிக்காலம் வரும். 1996, 2008, 2019 ஆகியவை அப்படிப்பட்ட ஆண்டுகள். 2008இல் 266 நாட்கள் சூரியனில் ஒரு புள்ளிகூட இல்லை. அக்காலத்தில் கதிர்கள் குறைவதால் படலமும் மெலிந்துவிடும். அந்த ஆண்டு ஏவப்பட்ட அமெரிக்கச் செய்மதி ஒன்று, இரவில் அயனமண்டலத்தின் மேல் எல்லை 420 கிலோமீற்றர் வரை தாழ்ந்திருந்ததைக் கண்டது. விஞ்ஞானிகள் எதிர்பார்த்திருந்தது 640.

சூரியன் தூங்கினால் வானமும் சும்மா கிடக்க வேண்டும் அல்லவா? அதுதான் இல்லை. சூரியக் காற்று ஒரு நாளும் நிற்பதில்லை. மின்னேற்றம் பெற்ற துகள்கள் விநாடிக்கு 400 கிலோமீற்றர் அளவில் வீசிக்கொண்டே இருக்கின்றன. சூரியனின் வெளிமண்டலத்தில் 'கொரோனாத் துளை' எனப்படும் இடங்களிலிருந்து இது 600, 700 என்று வேகமெடுத்து, இரண்டரை மூன்று நாளில் நம்மிடம் வந்துவிடுகிறது. நம் பார்வையில் சூரியன் ஒரு சுற்றுச் சுற்ற 27 நாள் ஆகும். துளை நீடித்தால் அதே காற்று 27 நாளுக்கொரு தடவை திரும்பி வரும். 2005இல் மூன்று துளைகள் ஏறத்தாழ சம இடைவெளியில் இருந்தன. அதனால் பூமியின் மேற்காற்று ஒன்பது நாளுக்கொரு முறை விரிந்து சுருங்கியது. அயனமண்டலமும் கூடவே ஆடியது.

இந்தக் காற்று பெரும்பாலும் துருவப் பக்கம்தானே தாக்கும், அட்டனுக்கு என்ன என்று கேட்பீர்கள். பூமியின் காந்த நடுக்கோடு தென்னிந்திய முனைக்கும் இலங்கைக்கும் அருகே ஓடுகிறது. 1963இல் தும்பாவில் ரொக்கட் ஏவுதளம் அமைத்ததும் இதற்காகத்தான். இக்கோட்டின் மேல் பகலில் மின்புலம் அயனிகளை மேலே தூக்குகிறது. அவை நீரூற்றுப் போல உயர்ந்து, வடக்கிலும் தெற்கிலும் போய் விழுகின்றன. சூரியக் காற்றின் காந்தப்புலம் தெற்கு நோக்கித் திரும்பினால் துருவத்தின் மின்புலம் உடனேயே இங்கும் கசிந்து ஊற்றை அசைக்கும். சில மணி நேரம் கழித்து, துருவத்தில் சூடேறிய காற்று நடுக்கோடு நோக்கி வீசி, பெரும்பாலும் எதிர்ப்பக்கமாகத் தள்ளும். படலம் ஏற்கனவே மெலிந்திருப்பதால் சிறு தள்ளலும் பெரிதாகத் தெரியும்.

இது பழைய ரேடியோப் பிரியர்களின் கவலை மட்டுமல்ல. 2004 டிசம்பர் 26இல் கடற்கோள் தாக்கித் தொலைபேசி அறுந்தபோது, அம்பாந்தோட்டையைக் கொழும்போடு இணைக்க அமெச்சூர் வானொலியாளரின் சிற்றலை உதவியது. மண்சரிவில் கம்பமும் கோபுரமும் விழும் மலைநாட்டுக்கு இது எவ்வளவு வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் நுவரெலியாவிலிருந்து கொழும்புக்குப் பேச, அலை ஏறக்குறைய நேர் மேலே போய்த் திரும்ப வேண்டும். அமைதிக்காலத்து விடியற்சாமத்தில் 7 மெகாஹேர்ட்ஸ் அலை படலத்தைத் துளைத்துக்கொண்டு விண்வெளிக்கே போய்விடலாம். பதில் வராது, கருவி கெட்டுவிட்டதென்று நினைத்து அதோடு மல்லுக்கட்டினால் நேரந்தான் வீண். 3.5க்கு இறங்கினால் கிடைக்க வாய்ப்புண்டு. இதைத் தெரிந்து வைத்திருப்பவர் ஒருவராவது ஊரில் இருக்க வேண்டும்.

அடுத்த அமைதிக்காலம் 2030ஐ ஒட்டி வரும் என எதிர்பார்க்கிறார்கள். வீட்டில் சிற்றலைப் பெட்டி இருந்தால் பிள்ளைகளிடம் ஒரு கொப்பி கொடுங்கள். ஒரே நிலையத்தை ஒரே நேரத்தில் கேட்டு, நன்று, சுமார், மோசம் என்று நாள்தோறும் குறிக்கட்டும். இடிமுழக்க நாட்களைத் தனியே குறிக்கச் சொல்லுங்கள். அந்தக் கரகரப்பு மின்னலினுடையது. மோசமான இரவு 27 நாள் கழித்துத் திரும்புகிறதா என்று பார்க்கட்டும். எல்லா மாதமும் பிடிபடாது. பிடிபட்டால் பிறையின் வேலை என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு பிறையிலிருந்து மறுபிறைக்கு இருபத்தொன்பதரை நாள் ஆகும்.